பாஸ்போர்ட் கவருக்குள் ஒரு துண்டுச்சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 34 வருடம் தபால்காரனாக இருந்து 2020-ல் ஓய்வு பெற்றவன். வில்லிவாக்கம், அயனாவரம் பக்கத்துத் தெருக்கள்தான் என் பீட். மணியார்டர், கல்யாணப் பத்திரிகை, பேங்க் கடிதம், வக்கீல் நோட்டீஸ் என்று எத்தனையோ கொடுத்திருக்கிறேன், ஆனால் வாங்கினவர் வீட்டுக்குள் போகப் பொறுமை இல்லாமல் வாசலிலேயே நின்று கவரைக் கிழிக்கிற சமாச்சாரம் ஒன்றே ஒன்றுதான், அது பாஸ்போர்ட். முதலில் போட்டோவைப் பார்த்து 'ஐயோ, திருடன் மாதிரி இருக்கேனே' என்பார்கள், அப்புறம் அப்பா பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடுவார்கள், அதற்குள் அடுப்படியில் இருக்கிற பாட்டி வரைக்கும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். காபி சாப்பிடாமல் அந்த வீட்டை விட்டு நகர முடியாது. எனக்குச் சர்க்கரை வந்ததில் பாஸ்போர்ட்டுக்கும் பங்கு உண்டு என்று என் மனைவி சொல்வாள்.

இத்தனை பேருக்குக் கொடுத்த வீட்டில் என் பேரனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. அவன் அம்மா, அப்பா, பாட்டி, நான், நாலு பேரும் இந்தியர்கள். அவன் மட்டும் அமெரிக்கன். ஒன்பது வயசு, தமிழ்தான் பேசுகிறான், தயிர் சாதத்துக்கு மாவடு இல்லாவிட்டால் சாப்பிட மாட்டான். போன வருடம் பீரோவில் இருந்து எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனுடையதும் நீலம், எங்களுடையதும் நீலம். எங்களுடையதில் சிங்கம், அவனுடையதில் கழுகு. 'தாத்தா, எனக்கு மட்டும் ஏன் பருந்து போட்டிருக்கு?' என்று கேட்டான். அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் இந்த விஷயத்தை ஒரு வருடமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தோண்டியதை மற்றவர்களுக்கும் சொல்லலாமே என்று இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், சுருக்கிப் போடுவது உங்கள் இஷ்டம்.

என் மகளும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டர் வேலையாக டெக்சாஸில் இருந்தார்கள். 2016 ஆகஸ்டில் பிள்ளை பிறந்தான். அமெரிக்காவில் பிறந்தால் அமெரிக்கக் குடியுரிமை என்பது 1868-லிருந்து அவர்கள் அரசியல் சட்டத்தில் இருக்கிறது, அப்பா அம்மா என்ன விசாவில் இருந்தார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. (2025 ஜனவரி 20-ந் தேதி டிரம்ப் கையெழுத்துப் போட்டாரே, தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பெறுகிற குழந்தைக்குக் குடியுரிமை கிடையாது என்று, அதை நீதிமன்றங்கள் உடனே தடுத்தன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) பிள்ளைக்கு ரெண்டு மாசம் ஆனதும் பக்கத்துத் தபால் ஆபீஸுக்குப் போய்ப் பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். ஆமாம், அங்கே தபால் ஆபீஸில்தான் வாங்குகிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே பெருமை, பார்த்தியா எங்க டிபார்ட்மெண்ட்டை என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தபால் ஆபீஸ் வாசலில்தான் கதை முடிந்தது என்று அப்போது யாருக்குத் தெரியும்.

முடிந்தது என்றால் என்ன? நம் குடியுரிமைச் சட்டம் 1955-ல் போட்டது. அதில் நாலாவது பிரிவுதான் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா அம்மா வழியாகக் குடியுரிமை வருவதைச் சொல்கிறது. அந்தப் பிரிவை இத்தனை வருடத்தில் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். 1992 டிசம்பர் 10-க்கு முன்னால் பிறந்த பிள்ளை என்றால் அப்பா இந்தியராக இருக்க வேண்டும், அம்மா இந்தியராக இருந்து பிரயோஜனம் இல்லை. அந்தத் தேதியிலிருந்து அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அப்புறம் 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: பிறந்த ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும், செய்யும்போது 'இந்தக் குழந்தைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை' என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவு செய்யாவிட்டால் அப்பா அம்மா ரெண்டு பேரும் அசல் மயிலாப்பூராக இருந்தாலும் பிள்ளை இந்தியன் இல்லை.

இந்த ஒரு வருடம்தான் என் வயிற்றெரிச்சல். என் மகள் படித்தவள், மாப்பிள்ளையும் படித்தவர், ஒரு பிரிண்டர் வாங்குவதற்கு மூணு நாள் விமரிசனம் படிக்கிற ஆள். அவர்களுக்கே தெரியவில்லை. 'நாங்க இந்தியன், பையனும் இந்தியன்தானே, அமெரிக்கப் பாஸ்போர்ட் கூடுதலா ஒண்ணு, பெரியவனானதும் எது வேணுமோ அவனே பார்த்துப்பான்' என்று நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரத்தம் வழியாக வருகிற விஷயத்துக்கு மனு எதற்கு என்பதுதானே நம் எல்லோருடைய நினைப்பும். 2004-க்கு முன்னால் அது கிட்டத்தட்ட சரியாகவும் இருந்தது, அப்பா இங்கே பிறந்தவராக இருந்தால் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும், பதிவெல்லாம் தேவையில்லை. அந்தக் காலத்து ஞாபகத்தில்தான் ஊரே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் இதெல்லாம் தெரிந்ததும் நான் கோபமாக மகளைக் கேட்டேன், தூதரகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று. அவள் கேட்டாள், 'கேட்டிருந்தா மட்டும்? அங்க பொறந்த பிள்ளை திரும்ப அமெரிக்காவுக்குள்ள போகணும்னா அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடதான் போகணும்ப்பா. பாட்டி கையில பிள்ளையைக் காட்டணும்னு நீங்கதான் டிக்கெட் போடச் சொன்னீங்க.' உண்மைதான். காது குத்துக்கு வரச் சொன்னது நான். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாஸ்போர்ட் இல்லாமல் நகர முடியாது, அந்தப் பாஸ்போர்ட் இருந்தால் இங்கே பதிவு கிடையாது. அதனால் இது வெறும் மறதி இல்லை, ஒன்றை எடுத்தால் இன்னொன்று போய்விடும் என்கிற விஷயம். எனக்கு வருத்தம், ஒன்றை எடுத்து இன்னொன்றை விடுகிறோம் என்று தெரியாமலே அதைச் செய்தார்கள் என்பதுதான். தெரிந்து செய்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

2021-ல் வேலை போய்க் குடும்பத்தோடு சென்னைக்கே வந்துவிட்டார்கள். பையனிடம் ஓசிஐ கார்டு இருக்கிறது, காது குத்துக்கு வருவதற்காக 2017-ல் வாங்கியது. பேரைப் பார்த்தால் 'இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்' என்று கம்பீரமாகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அதை இரட்டைக் குடியுரிமை என்றுதான் சொல்கிறார்கள். கிடையவே கிடையாது. ஓசிஐ என்பது ஆயுள் முழுக்க வந்து போகலாம், தங்கலாம், படிக்கலாம், தனியார் வேலை பார்க்கலாம் என்கிற ஒரு நீண்ட விசா மாதிரி. ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமையே இல்லை, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இந்தியக் குடியுரிமை அந்த நிமிஷமே போய்விடும்.

மெடிக்கல் சீட் விஷயம் இன்னும் சுவாரசியம். 2021 மார்ச் 4-ந் தேதி ஒரு அறிவிக்கை வந்தது: ஓசிஐ பிள்ளைகள் நீட் எழுதலாம், ஆனால் இந்தியர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கின சீட்டுக்கு வர முடியாது, வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டில்தான் போக வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் ஃபீஸ் என்ன என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதிக்கு முன்னால் கார்டு வாங்கினவர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. என் பேரன் கார்டு 2017, பிழைத்தான். எதிர் பிளாட்டில் அவன் வயசுப் பையன் ஒருவன், அவனும் அங்கே பிறந்தவன்தான், கார்டு 2022. ரெண்டு பேரும் ஒரே வேனில் ஒரே ஸ்கூலுக்குப் போகிறார்கள்.

இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். 'என்ன சார், ஊர்ல எல்லாரும் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்துல விசாவுக்கு வரிசைல நிக்கிறான், உங்க பேரன் கையில பாஸ்போர்ட்டையே வெச்சிருக்கான், இதுக்கு ஒரு புலம்பலா?' சரி, அது ஒரு பார்வை. அவன் பெரியவனாகி அங்கேயே போகலாம், சந்தோஷமாக இருக்கட்டும். ஆனால் போன பொங்கலுக்கு என் பழைய காக்கிச் சட்டையைப் பரணில் இருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு, தோளில் பையை மாட்டி வீடு வீடாக நியூஸ் பேப்பர் போட்டு வந்தான், 'நானும் போஸ்ட்மேன் ஆவேன்' என்று. பிள்ளைகள் இன்றைக்குப் போஸ்ட்மேன் என்பார்கள், நாளைக்கு பஸ் டிரைவர் என்பார்கள், அது வேறு விஷயம். ஆனால் இந்த வீட்டில் அந்த வேலைக்கு மனுப் போட முடியாத ஒரே ஆள் அவன்தான் என்று தெரிந்துகொண்டு அதைப் பார்த்துச் சிரிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்போதாவது ஏதாவது செய்ய முடியுமா என்று மாப்பிள்ளையும் நானும் கிளம்பினோம். ஒரு அலுவலகத்தில் டோக்கன் போட்டு உட்கார்ந்து எங்கள் முறை வந்ததும், கவுண்டரில் இருந்தவர் பையனின் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, 'இது இந்தியன் பாஸ்போர்ட் இல்லையே, வெளிநாட்டவர் பிரிவுக்குப் போங்க' என்றார். வெளிநாட்டவர் பிரிவில், 'அப்பா அம்மா இந்தியன்தானே, இங்க ஏன் வந்தீங்க?' என்றார்கள். மாப்பிள்ளை என்னைப் பார்த்து, 'மாமா, நாம ரெண்டு பேரும் நடுவுல ரோட்டுலதான் நிக்கணும் போல' என்றார். கடைசியில் ஒரு அம்மா, வயசு ஐம்பது இருக்கும், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஐந்து நிமிஷம் உட்கார வைத்து விளக்கினார். நாலாவது பிரிவின் கதவு மூடியாச்சு. ஆனால் ஐந்தாவது பிரிவில் இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளையைப் பதிவு மூலம் குடிமகனாக்க ஒரு வழி இருக்கிறது. ஆன்லைனில் மனு, அப்புறம் கலெக்டர் ஆபீஸ், அப்புறம் மாநில அரசு, அப்புறம் டெல்லி. அதோடு அமெரிக்கக் குடியுரிமை என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும், அதைத் துறப்பது சின்னப் பிள்ளைக்கு லேசான விஷயம் இல்லை. 'அவசரப்படாதீங்க சார், வக்கீலைப் பார்த்துப் பேசிட்டு வாங்க' என்றார். அந்த அம்மாவுக்கு என் நன்றி. இவ்வளவையும் 2016-ல் ஒருவர் ஐந்து நிமிஷம் சொல்லியிருந்தால் போதும்.

எங்கள் கதை பணம் இருக்கிற கதை, ஒத்துக்கொள்கிறேன். வளைகுடாவில் இதே விஷயம் வேறு மாதிரி கடிக்கிறது. அங்கே பிறந்ததற்காகக் குடியுரிமை கிடையாது, அப்பா அம்மா வழியாக வரவில்லை என்றால் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை. பெரும்பாலானவர்கள் பிரச்சினை இல்லாமல் முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் பிள்ளைக்கு விசா போடப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்காகத் தூதரகம் போனால் பிறப்புப் பதிவும் கூடவே நடந்துவிடும். தடுக்கி விழுகிறவர்கள் பேப்பர் சரியில்லாதவர்கள்தான்.

எங்கள் பின்தெருவில் ஒரு அம்மா, தையல் தைக்கிறவர். அவர் மகள் புருஷனோடு அங்கே போய்ப் பிள்ளை பெற்றாள். வடபழனி கோவிலில் நடந்த கல்யாணம், சொந்தக்காரர்கள் ஐம்பது பேர், போட்டோ ஆல்பம் இருக்கிறது, ஆனால் பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கல்யாணப் பதிவு கட்டாயம், இருந்தாலும் நம் ஆட்களுக்குத் தாலி கட்டினதும் வேலை முடிந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் பிறப்புச் சான்றிதழுக்குக் கல்யாணச் சான்றிதழ் கேட்டார்கள். அது இருந்து, அதற்கு இங்கே மாநில அரசும் வெளியுறவுத் துறையும் அந்த நாட்டுத் தூதரகமும் வரிசையாக முத்திரை குத்தியிருந்தால்தான் செல்லும். பாட்டி இங்கே சார்பதிவாளர் ஆபீஸுக்கு அலைய, மகள் அங்கே அழ, நடுவில் புருஷனுக்கு விசா தகராறு வேறு, பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரும்போது பிள்ளைக்கு ஒரு வயசு நாலு மாசம். கெடு போய்விட்டது.

அப்போது ஒரு புரோக்கர் இந்தப் பாட்டியைப் பிடித்தார். 'எதுக்குமா அலையறீங்க, பிள்ளை இங்க வீட்டுல பொறந்ததா கார்ப்பரேஷன்ல ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாம், நான் பார்த்துக்கறேன்.' பாட்டி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதால் தப்பித்தார், பழைய தபால்காரன் என்றால் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நான் சொன்னேன், அம்மா, அங்கே ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருக்கிறது, உங்கள் மகள் பாஸ்போர்ட்டில் அன்றைய தேதிக்கு எந்த நாட்டில் இருந்தாள் என்று முத்திரை இருக்கிறது, நாளைக்கு அதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்த் தகவல் கொடுத்த கேஸ் உங்கள் மேல்தான் வரும், புரோக்கர் மேல் வராது. உண்மையில் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை இங்கேயே குடியிருக்கக் கூட்டி வந்தால், வந்த 60 நாளுக்குள் உள்ளூரிலேயே பிறப்பைப் பதிவு செய்ய 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 20-வது பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் அது பிறப்பைப் பதிவு செய்வதுதான், குடியுரிமை தருவது இல்லை. இந்த ரெண்டையும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

நல்லவேளை, ஒரு வருடம் தாண்டினாலும் மத்திய அரசின் அனுமதி வாங்கிப் பதிவு செய்யலாம் என்று அதே நாலாவது பிரிவிலேயே ஒரு ஜன்னல் இருக்கிறது. அந்தப் பெண் தூதரகம் மூலமாக அதற்கு மனுப் போட்டாள். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்றார்கள், அதை அவள் போனில் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி, என் மகளை விட்டு இங்கிலீஷில் போட்டு அனுப்பினோம். வந்துவிட்டது. ஆனால் அது வரும்வரை பிள்ளையை விட்டுவிட்டு வரவும் முடியாமல், கூட்டிக்கொண்டு வரவும் முடியாமல் அவள் அங்கே மாட்டிக்கொண்டாள், அப்பா செத்ததற்கு வீடியோ காலில்தான் முகம் பார்த்தாள்.

பிறந்த தேதி, பதிவு செய்த தேதி, பெற்றோர் குடியுரிமையை விட்ட தேதி, எல்லாமே இந்தத் தேதிகளில்தான் நிற்கிறது. ராயபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அம்மா சென்னை, அப்பா கொழும்பு. ரெண்டு பிள்ளைகளும் கொழும்பில் பிறந்தவர்கள், அக்கா 1991, தம்பி 1994. ஒரே வயிறு, ஒரே ஆஸ்பத்திரி. சட்டப்படி பார்த்தால் தம்பிக்கு அம்மா வழியாக இந்தியக் குடியுரிமை கோர இடம் இருந்தது, அக்காவுக்கு இல்லை. 1992-க்கு முன்னால் அம்மா என்றால் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்குதான். அப்பா அம்மா 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தார்கள், அப்போது பிள்ளை வயிற்றில், 1999 மார்ச் 1-ந் தேதி அங்கே பிறந்தான். வளர்ந்ததும் இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்டான். சென்னையில் ஜெயித்தான். கருவில் இருக்கும்போது பெற்றோர் இந்தியர்கள்தானே என்று இங்கே ஏற்றுக்கொண்டார்கள். டெல்லியில் உச்ச நீதிமன்றம், பெற்றோர் தாமாகத் துறந்தால்தான் பிள்ளைக்கு அந்தத் திரும்பக் கேட்கும் உரிமை, வேறு நாட்டுக் குடியுரிமையை எடுத்ததால் தானாகப் போயிருந்தால் கிடையாது என்று சொல்லிவிட்டது. தாத்தா பாட்டி பிரிவினைக்கு முந்தின இந்தியாவில் பிறந்தவர்கள் என்கிற வாதமும் எடுபடவில்லை. ரெண்டு, மூணு மாதத்தில் ஒரு ஆயுசு. நான் நீதிபதிகளைக் குறை சொல்லவில்லை, சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான் அவர்கள் படிக்க முடியும்.

இங்கேயே பிறந்தவர்களுக்கும் தேதிதான். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவர் 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் உத்தரவு வாங்கி, பாஸ்போர்ட் எடுத்து, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டதை உங்கள் பேப்பரிலும் படித்திருப்பேன். 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் என்பதால் கிடைத்தது. அதே முகாமில் அந்தத் தேதிக்கு அப்புறம் பிறந்தவர்கள் இன்னும் அகதி அட்டையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு பிரிவு, வேறு பெரிய கதை, இதில் இழுத்தால் ஊர் போய்ச் சேராது.

மேலே அடைப்புக்குறிக்குள் விட்ட டிரம்ப் விஷயத்துக்கு வருகிறேன். அந்த உத்தரவு நிற்கிறதோ விழுகிறதோ, அமெரிக்காவில் பிறந்தால் போதும் என்கிற நம்பிக்கை ஆடிப் போயிருக்கிறது. நாளைக்கு அப்படி ஒரு நிலை வந்தால் அங்கே விசாவில் இருக்கிற நம் பெண்கள் பெறுகிற குழந்தைக்கு அப்பா அம்மா வழியாக வருகிற இந்தியக் குடியுரிமை ஒன்றுதான் கதி. அப்போது இந்த ஒரு வருடக் கெடு டெக்சாஸ்காரர்களையும் வளைகுடாக்காரர்கள் மாதிரியே கடிக்கும். இப்போது கர்ப்பமாக இருக்கிற பெண்களுக்கு இதை யார் சொல்கிறார்கள்? வளைகாப்புக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்று சொல்கிறார்களே தவிர இதைச் சொல்வதில்லை.

அமெரிக்கா என்ன செய்கிறது தெரியுமா? அமெரிக்கப் பெற்றோருக்குச் சென்னையில் பிள்ளை பிறந்தால் இதே அண்ணா சாலைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யலாம், பிள்ளைக்கு 18 வயசு ஆகும்வரை நேரம் உண்டு. அந்தப் பதிவும் குடியுரிமைக்கு அத்தாட்சிதான், பதிவு இல்லாவிட்டால் குடியுரிமையே இல்லை என்பது கிடையாது. நாம் 18 வரை விட வேண்டாம், ஒரு ஐந்து வயசு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வரைக்குமாவது விடலாமே என்பது என் அபிப்பிராயம். ரெண்டு நாட்டுப் பிள்ளையாக இருந்தால் 18 முடிந்து ஆறு மாதத்துக்குள் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று சட்டத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது, அப்புறம் ஒரு வருடத்தில் என்ன அவசரம்? தாமத அனுமதிக்கும் இத்தனை நாளுக்குள் பதில் சொல்வோம் என்று ஒரு கெடு அரசுக்கும் வைக்கலாம், கெடு என்பது நமக்கு மட்டும்தானா?

சட்டத்தை மாற்றுவது பெரிய இடத்து வேலை, நான் சொன்னால் நடக்காது. ஆனால் நாளைக் காலையிலேயே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். பாஸ்போர்ட் ஸ்பீட் போஸ்ட் கவரில் வருகிறது. வாசலில் நின்று அந்தக் கவரைத் திறக்கிறவர்களின் முகத்தை 34 வருடம் பார்த்தவன் நான், அந்த நிமிஷத்தில் உள்ளே இருக்கிற எதையும் விட மாட்டார்கள், கவரின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்ப்பார்கள். அதற்குள் ஒரு துண்டுச்சீட்டு வையுங்கள். தமிழில், பெரிய எழுத்தில், நாலு வரி: வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்தால் பதிவு கிடைக்காது. கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். தாமதமாகிவிட்டால் அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம். சார்பதிவாளர் ஆபீஸில் கல்யாணச் சான்றிதழ் கொடுக்கும்போதும் இதே சீட்டைக் கொடுக்கலாம், புதுத் தம்பதிக்கு அது பயன்படாமல் போனால் சந்தோஷம்தானே.

செலவாகும், கவர் எடை கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தராசில் வைத்துப் பார்த்தே காலம் தள்ளியவன் சொல்கிறேன், நாலு வரிச் சீட்டு முள்ளை அசைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வில்லிவாக்கம், சென்னை - 49.